கடல் தாண்டும் குரல்

(நம் பள்ளியின் ஆண்டுப் பரிசளிப்பு விழாவில், முன்னாள் மாணவரும் அமெச்சூர் வானொலியாளருமான சிறப்பு விருந்தினர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



பரிசளிப்பு விழாவுக்கு வருகிறவர், "நன்றாகப் படியுங்கள், பெற்றோருக்குப் பெருமை சேருங்கள்" என்று சொல்லிவிட்டு உட்காருவது வழக்கம். அதை உங்கள் ஆசிரியர்கள் தினமும் சொல்கிறார்கள். என்னைவிட நன்றாகவே சொல்கிறார்கள். தலைமையாசிரியர் என்னிடம், "நீங்க வீட்டில் செஞ்சு வச்சிருக்கிற அந்த ரேடியோப் பெட்டியைப் பத்திப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்க" என்று கேட்டுக்கொண்டார். ஆகவே அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

முதலில் அமெச்சூர் வானொலி என்றால் என்ன? நாம் வீட்டில் கேட்கும் வானொலியில் ஒருவர் பேசுவார், ஊரே கேட்கும். திரும்பப் பேச முடியாது. அமெச்சூர் வானொலியில் கேட்பவரும் பேசலாம். ஆனால் கடையில் வாங்கிய உடனே பேசிவிட முடியாது. தேர்வு எழுதித் தேற வேண்டும். மின்னியலும் தெரிய வேண்டும், சட்டமும் தெரிய வேண்டும். தேறியவருக்கு அரசாங்கம் ஓர் அழைப்புக்குறி கொடுக்கும். தீபகற்ப மலேசியாவில் 9எம்2, 9டபிள்யூ2 என்று தொடங்கும் குறிகளைப் பார்க்கலாம். சிங்கப்பூருக்கு 9வி1. இலங்கையில் 4எஸ்7. உலகத்தில் ஒருவருடைய குறி மற்றொருவருக்கு இருக்காது. காற்றில் நமக்கு அதுதான் பெயர், அதுதான் அடையாள அட்டை.

இதில் வியாபாரம் பேசக் கூடாது. பாட்டுப் போடக் கூடாது. தீபாவளிக்குக்கூட ஒரு பாட்டுப் போட முடியாது! ஆபாசம் கூடவே கூடாது. காசு வாங்கிக்கொண்டு செய்யும் வேலையும் அல்ல. கற்றுக்கொள்வதும், சோதித்துப் பார்ப்பதும், ஆபத்து வேளையில் உதவுவதும்தான் இதன் நோக்கம்.

இப்போது ஒரு சிக்கலுக்கு வருவோம். கையடக்க வானொலிக் கருவி பேசும் அலை, கண் பார்வை போலப் பெரும்பாலும் நேர்கோட்டில் போகும். நடுவில் குன்று இருந்தால் நின்றுவிடும். பூமி உருண்டை என்பதால் கொஞ்ச தூரத்தில் அலை தலைக்கு மேலே போய்விடும். தரையில் நின்று பேசினால் சில கிலோமீட்டர், அவ்வளவுதான். மலை உச்சியில் ஒரு மறுஒலிபரப்பு நிலையம் வைத்தால், அது நம் குரலை வாங்கி, பெரிய சக்தியோடு திருப்பி அனுப்பும். அப்போது பல பத்துக் கிலோமீட்டர் போகும். அதற்கு அப்பால்? சிற்றலை இருக்கிறது. வானத்தின் மேலடுக்கில் பட்டுத் தெறித்துக் கண்டம் விட்டுக் கண்டம் தாண்டும். ஆனால் அதற்குப் பெரிய ஏரியல் வேண்டும், விலையுள்ள கருவி வேண்டும், சூரியனும் ஒத்துழைக்க வேண்டும். அடுக்குமாடி வீட்டில் குடியிருக்கும் பிள்ளை என்ன செய்வான்?

இந்தக் கேள்விக்கு விடை தேடியவர்களில் ஒருவர் கனடாவின் வான்கூவர் நகரத்து டேவிட் கேமரன். அவருடைய அழைப்புக்குறி விஇ7எல்டிடி. 1997இல் அவர் ஒரு முயற்சி தொடங்கினார். இரண்டு ஊர்களில் இரண்டு வானொலி நிலையங்கள். நடுவே இருக்கும் தூரத்தை இணையம் கடக்கட்டும் என்பதுதான் அவருடைய எண்ணம். முதலில் விண்டோஸில் ஓடிய இணையத் தொலைபேசி மென்பொருளை வைத்துப் பார்த்தார். அது நிலைத்து நிற்கவில்லை. விட்டுவிட்டாரா? இல்லை. 1998இல் லினக்ஸுக்கு மாறினார். கணினிக்கும் வானொலிக்கும் நடுவே வைக்க ஒரு சிறிய மின்சுற்றுப் பலகையையும் உருவாக்கினார். அதுதான் ஐஆர்எல்பி. 2002இல் அமெரிக்காவின் ஜொனதன் டெய்லர் எக்கோலிங்க் என்ற மென்பொருளைக் கொடுத்தார். அதில் கணினியிலிருந்தும் பேசலாம். ஆனால் உரிமம் உண்டு என்று காட்டினால்தான் உள்ளே விடுவார்கள்.

மூன்றாவது கதைதான் எனக்கு மிகவும் பிடித்தது. 1999இல் மார்க் ஸ்பென்சர் என்பவர் ஆஸ்டெரிஸ்க் என்ற மென்பொருளை எழுதத் தொடங்கினார். அது அலுவலகத் தொலைபேசி இணைப்பகம். 'கணக்குப் பிரிவுக்கு 2 அழுத்தவும், மேலாளருக்கு 3 அழுத்தவும்' என்கிற வேலையைச் செய்வது. ஜிம் டிக்சன் என்ற அமெரிக்க அமெச்சூர் அதைப் பார்த்தார். தொலைபேசிகளை ஒன்றோடு ஒன்று இணைக்கத் தெரிந்த மென்பொருளுக்கு வானொலிகளை இணைக்கத் தெரியாதா என்று எண்ணினார். அதற்குள் ஒரு புதிய பகுதியை எழுதிச் சேர்த்தார். அலுவலக இணைப்பகம் வானொலி இணைப்பகம் ஆகிவிட்டது. அதன் பெயர் ஆல்ஸ்டார். ஜிம் டிக்சன் 2016இல் காலமானார். அவர் எழுதிய வழியில் இன்றும் குரல்கள் போய்க்கொண்டிருக்கின்றன.

என் வீட்டு மேசைமேல் இருப்பது இந்த மூன்றாவது வகைப் பெட்டி. பெட்டி என்றால் பெரிதாக நினைக்காதீர்கள். சாப்பாட்டு டப்பா அளவுதான். டப்பாவும் உண்மையிலேயே சாப்பாட்டு டப்பாதான்! உள்ளே என்ன இருக்கிறது? ராஸ்பெரி பை என்ற உள்ளங்கை அளவுக் கணினி. இது 2012இல் பிள்ளைகள் கணினி கற்கட்டும் என்று இங்கிலாந்தில் வெளியிடப்பட்டது. அடுத்து, யூஎஸ்பியில் செருகும் ஒரு சின்ன ஒலி அட்டை. பதினைந்து ரிங்கிட் கொடுத்து வாங்கினேன். மூன்றாவது, ஒரு பழைய கையடக்க வானொலிக் கருவி. இந்த மூன்றையும் சேர்த்துக் கட்டுவதுதான் கைவேலை.

அந்த வேலையைக் கொஞ்சம் கவனியுங்கள். கணினியின் குரல் வானொலியின் மைக்குக்குப் போக வேண்டும். வானொலியின் குரல் கணினியின் காதுக்குப் போக வேண்டும். இது இரண்டு கம்பி. ஆனால் இவை மட்டும் போதாது. "இப்போது பேசு" என்று வானொலியின் பொத்தானை யார் அழுத்துவது? அதற்கு ஒரு டிரான்சிஸ்டர். கணினி சின்ன மின்சாரம் கொடுத்தால் டிரான்சிஸ்டர் திறந்து, நம் கட்டைவிரல் செய்யும் வேலையைச் செய்யும். அடுத்து, "யாரோ பேசுகிறார்கள், நீ பேசாதே" என்று வானொலி கணினிக்குச் சொல்ல வேண்டும். அதற்கு இன்னொரு கம்பி.

அந்த ஒலி அட்டைக்குள் இருக்கும் சிப்புக்கு 48 கால்கள். காலுக்கும் காலுக்கும் இடைவெளி அரை மில்லிமீட்டர். 13ஆவது காலில் ஒரு கம்பி, 48ஆவது காலில் ஒரு கம்பி. 48ஆவது கால் எதற்காக வைத்தது தெரியுமா? ஒலியைக் குறைக்கும் பொத்தானுக்காக. அந்தப் பொத்தான் நமக்கு வேண்டாம். அந்தக் காலைத்தான் "யாரோ பேசுகிறார்கள்" என்ற செய்திக்கு எடுத்துக்கொள்கிறோம். தலைமுடி போன்ற கம்பியை ஈயத்தால் பற்றவைக்க வேண்டும். கை நடுங்கினால் பக்கத்துக் காலோடு ஒட்டிவிடும். மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்கிற வேலை.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். 1972 முதல் பினாங்கு பாயான் லெப்பாஸில் மின்னணுத் தொழிற்சாலைகள் வந்தன. தோட்டத்தை விட்டு வந்த எத்தனையோ அக்காமார்கள், அம்மாமார்கள் உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழ் இந்தச் சிப்புகளைப் பார்த்துப் பார்த்துக் கண் சோர்ந்தவர்கள். என் தாயாரும் அவர்களில் ஒருவர். அந்தச் சிப்பு எங்கே போகிறது, என்ன செய்கிறது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. ஒருநாள் என் டப்பாவைத் திறந்து காட்டினேன். "இம்புட்டுக் காலும் எதுக்குப்பா?" என்று கேட்டார். ஒவ்வொன்றாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இத அன்னிக்கே யாராவது சொல்லியிருந்தா வேலையில கொஞ்சம் சந்தோசமா இருந்திருக்கும்" என்றார். செல்வங்களே, கை வேலை செய்தும் அறிவு வேறு இடத்தில் இருந்த காலம் அது. உங்கள் காலத்தில் கையும் அறிவும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். நான் இன்று சொல்ல வந்தது இதுதான்.

சரி, பெட்டி தயார். குரல் எப்படிப் பயணம் செய்கிறது? நீங்கள் "வணக்கம்" என்கிறீர்கள். கையடக்கக் கருவியிலிருந்து அலையாகப் புறப்பட்டு என் வீட்டுக்கு வருகிறது. ஒலி அட்டை அதை ஒரு விநாடிக்குப் பல ஆயிரம் முறை அளந்து எண்களாக மாற்றுகிறது. கணினி அந்த எண்களைச் சின்னச் சின்ன உறைகளில் போடுகிறது. ஓர் உறையில் ஒரு விநாடியில் ஐம்பதில் ஒரு பங்குக் குரல். ஒவ்வோர் உறைக்கும் வரிசை அடையாளமும் முகவரியும் உண்டு. தபால்காரர் போல இணையம் கொண்டுபோகிறது. ஆனால் ஒரே வழியில் போகும் என்று சொல்ல முடியாது. பின்னால் போன உறை முன்னால் வந்து நிற்கும். அதனால் அந்தப் பக்கத்துக் கணினி கொஞ்ச நேரம் காத்திருந்து, வரிசைப்படி அடுக்கி, மறுபடியும் குரலாக்கி, அங்கே இருக்கும் வானொலிக்குக் கொடுக்கிறது. அங்கே ஒரு கட்டைவிரல் டிரான்சிஸ்டர் அழுத்துகிறது. "வணக்கம்" மறுபடியும் காற்றில் ஏறுகிறது.

எந்த ஊரோடு இணைப்பது என்பதைக் கருவியின் எண் பொத்தான்களாலேயே சொல்லலாம். ஒவ்வோர் எண்ணுக்கும் இரண்டு சுருதிகள் சேர்ந்து ஒலிக்கும். 5 என்றால் 770, 1336 ஹெர்ட்ஸ். இரண்டும் சேர்ந்து கேட்டால்தான் பெட்டி அதை 5 என்று ஒப்புக்கொள்ளும். ஏன் இரண்டு? மனிதக் குரலில் தற்செயலாக ஒரு சுருதி வந்துவிடலாம். குறித்த இரண்டும் அளவாகச் சேர்ந்து வருவது அரிது.

என் பெட்டிக்கு ஏரியலும் நானே செய்ததுதான். 145 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறக்குறைய 2 மீட்டர் 7 சென்டிமீட்டர். அதில் கால் பங்கு எடுத்து, கம்பிக்காகக் கொஞ்சம் குறைத்தால் 49 சென்டிமீட்டர். ஒரு கம்பி மேலே, நான்கு கம்பி கீழே சாய்வாக. 300ஐ 145ஆல் வகுக்கத் தெரிந்த ஐந்தாம் ஆண்டு மாணவன் இந்தக் கணக்கைப் போட்டுவிடலாம். கணக்குப் பாடம் எதற்கு என்று கேட்கிற தம்பிகளுக்கு இதைச் சொல்கிறேன்!

ஒரு நாள் இரவு 9 மணிக்கு இணைப்பைத் திறந்து வைத்திருந்தேன். கனடாவின் ரொரன்ரோவிலிருந்து ஒருவர் தம் குறியைச் சொன்னார். அங்கே காலை 9 மணி. என் பெயரைக் கேட்டதும் யாழ்ப்பாணத் தமிழில், "நீங்கள் தமிழோ?" என்றார். அவர் காரில் வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறார். நான் இங்கே சட்டை போடாமல் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறேன். அங்கே அவருடைய கருவிக்கும் அவ்வூர் நிலையத்துக்கும் நடுவே வானொலி. இங்கே என் பெட்டிக்கும் என் கைக்கருவிக்கும் நடுவே வானொலி. கடலுக்கு மட்டும்தான் இணையம். பத்து நிமிடம் பேசினோம். வெயிலைப் பற்றியும் பனியைப் பற்றியும், அவர் செய்த ஏரியலைப் பற்றியும்தான் பேச்சு.

பிள்ளைகள் முகத்தில் ஒரு கேள்வி தெரிகிறது. "கைப்பேசி இருக்கே அங்கிள், இது எதுக்கு?" நியாயமான கேள்விதான். எங்கள் கூட்டத்து மூத்தவர்களும் வேறு விதமாக இதையே கேட்கிறார்கள். "இணையத்தில் போகிறது எப்படி வானொலி ஆகும்? ஏரியலும் வானமும் செய்ய வேண்டிய வேலையைக் கம்பி செய்கிறது. கம்பி அறுந்தால் உன் கதை முடிந்தது" என்பார்கள். கேமரனும் இதை யோசித்தவர்தான். ஐஆர்எல்பியில் கணினி முன் உட்கார்ந்து மைக்கில் பேசிக் கலந்துகொள்ள வழியில்லை. வானொலி வழியாகத்தான் வர வேண்டும் என்பது அவர் வைத்த விதி.

மூத்தவர்கள் சொல்வதில் உண்மை உண்டு. 2004 டிசம்பர் 26ஆம் தேதி ஆழிப்பேரலை வந்தது. நம் பினாங்கிலும் கெடாவிலும் உயிர்கள் போயின. அந்தமான் தீவுகளில் தொடர்பெல்லாம் அறுந்தது. அப்போது போர்ட் பிளேரில் பாரதி பிரசாத் என்ற அமெச்சூர் பெண்மணி இருந்தார். அந்தமானிலிருந்து உலகத்தோடு பேசுவதற்காக, முன்னரே அனுமதி பெற்று, தம் குழுவினரோடு வந்து நிலையம் அமைத்திருந்தவர். நிலம் அதிர்ந்தது. விளையாட்டாகத் தொடங்கிய நிலையம் அன்றே உதவி நிலையம் ஆயிற்று. யார் உயிரோடு இருக்கிறார்கள் என்ற செய்தி அந்தச் சிற்றலை வழியாகக் கடல் தாண்டிப் போனது. அங்கே இணையம் உதவவில்லை. நம் நாட்டிலும் 2014 டிசம்பரில் கிளந்தானில் பெருவெள்ளம் வந்தபோது பல இடங்களில் மின்சாரமும் தொலைபேசியும் நின்றுபோனதைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள்.

அப்படியானால் என் பெட்டி வீணா? இல்லை. பெட்டியைக் கையால் செய்தவனுக்கு அதன் எந்தப் பகுதி எதை நம்பி நிற்கிறது என்று தெரியும். இணையம் போய்விட்டால் கணினியின் கம்பியைக் கழற்றிவிடுவேன். கருவி 12 வோல்ட் பாட்டரியில் ஓடும். 49 சென்டிமீட்டர் ஏரியல் கூரைமேல் இருக்கும். பக்கத்து ஊரோடு பேசலாம். பக்கத்து ஊர்க்காரர் அடுத்த ஊரோடு பேசலாம். கடல் தாண்டும் பாலம் விழுந்தாலும் இரண்டு கரையிலும் ஆள் இருக்கிறார்கள். வாங்கி மட்டும் பழகியவன் திரையில் 'இணைப்பு இல்லை' என்று வந்ததும் கையைப் பிசைந்துகொண்டு நிற்பான். செய்து பழகியவன் மிச்சம் என்ன இருக்கிறது என்று பார்ப்பான். வித்தியாசம் அதுதான்.

இன்னொன்றையும் இந்தக் கலை கற்றுக்கொடுக்கிறது. ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். பொத்தானை அழுத்தியவுடன் பேசக் கூடாது. தூரத்து நிலையங்கள் எல்லாம் விழித்துக்கொள்ள ஒரு விநாடி கொடுக்க வேண்டும். அடுத்தவர் பேசி முடித்ததும் கொஞ்சம் இடைவெளி விட வேண்டும். யாராவது அவசரம் என்று குறுக்கிட வழி வேண்டும் அல்லவா? புதிதாக ஓர் இணைப்புக்குள் போனால் முதலில் கேட்க வேண்டும். தன் குரல் எப்படி இருக்கிறது என்று பார்க்கவும் வழி உண்டு. ஐஆர்எல்பியில் 9990, எக்கோலிங்கில் 9999 என்று அழைத்தால், நாம் பேசியது நமக்கே திரும்பிவரும். ஊருக்குப் பேசுமுன் தன் பேச்சைத் தானே கேட்பது! நம் மேடைகளுக்கும் இப்படி ஓர் எண் இருந்தால் நன்றாக இருக்கும்.

வள்ளுவர் 'கேள்வி' என்று ஓர் அதிகாரமே வைத்திருக்கிறார். தமிழில் கேள்வி என்றால் காதால் கேட்பதும்தான், வாயால் கேட்பதும்தான். காது கொடுப்பவனுக்குத்தான் நல்ல கேள்வி பிறக்கும். என் தாயார் "இம்புட்டுக் காலும் எதுக்குப்பா?" என்று கேட்டாரே, அது நல்ல கேள்வி.

முடிவாக மூன்று வேண்டுகோள். பெற்றோர்களே, பிள்ளை ஒரு பழுதான ரேடியோவைத் திறந்து பார்த்தால் அடிக்காதீர்கள். சுவரில் செருகும் மின்சாரத்தின் பக்கம் மட்டும் போக விடாதீர்கள். பாட்டரியில் ஓடுவதைக் கொடுத்துப் பக்கத்தில் உட்காருங்கள். ஆசிரியப் பெருமக்களே, பள்ளியில் ஒரு மேசை ஒதுக்கிக் கொடுங்கள். இரண்டு சோல்டரிங் இரும்பு, ஒரு மீட்டர், கொஞ்சம் டிரான்சிஸ்டர்கள். கோலாலம்பூர் ஜாலான் பாசாரில் அலைந்து சாமான் வாங்கிவரும் பொறுப்பு என்னுடையது. மாதம் ஒரு சனிக்கிழமை நானே வருகிறேன். மாணவச் செல்வங்களே, இன்று உங்களில் சிலருக்குக் கோப்பை கிடைக்கும், சிலருக்குக் கிடைக்காது. அந்த மேசைக்கு வருவதற்கு முதல் மதிப்பெண் தேவையில்லை. பொறுமையான கையும், கேட்கிற காதும் போதும்.

பெரியவர்களாகித் தேர்வு எழுதி உங்களுக்கென்று ஓர் அழைப்புக்குறி வாங்குங்கள். உங்கள் குரல் கடல் தாண்டட்டும். தாண்டும்போது அது எந்தக் கம்பி வழியாக, எந்தக் காலின் வழியாகப் போகிறது என்று உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும்.